பேரீச்சம்பழமும் பெருந்திட்டமும்

"பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்!"

தெருமுனையில் இந்தக் குரல் எழுந்ததும், கொல்லைப்புறத்து மூலையில் முடங்கிக் கிடந்த ஓட்டை வாளியையும் ஒடிந்த தாழ்ப்பாளையும் தூக்கிக்கொண்டு ஓடிய சிறுவர்கள் இன்று தாத்தாக்களாக நம்மிடையே இருக்கின்றனர். கைக்குப் பழம் வந்தது, வாய் இனித்தது, வாளி போயிற்று. போன வாளி எங்கே போயிற்று என்று எவரும் கேட்டதில்லை. பழம் தின்ற வாய்க்குக் கேள்வி எங்கிருந்து வரும்?

அந்த வாளி காயலான் கடைக்குப் போயிற்று. காயல்பட்டினத்து வணிகர்கள் நடத்திய கடை என்பதால் வந்த பெயர் அது என்பர். 'காயலான் கடைச் சரக்கு' என்று எதையேனும் இகழும்போது ஓர் ஊராரின் உழைப்பையும் சேர்த்தே இகழ்கிறோம் என்பது நமக்கு நினைவு வருவதில்லை. கடையில் தகரம் வேறு, வார்ப்பிரும்பு வேறு, செம்பு வேறு, பித்தளை வேறு எனப் பிரித்தார்கள். பிரித்ததைப் பெரிய வணிகர் வாங்கினார். அவரிடமிருந்து லாரி ஏறியது. கும்மிடிப்பூண்டி போன்ற ஊர்களின் உலைகளிலே விழுந்து, 1,500 பாகைக்கும் மேற்பட்ட வெப்பத்தில் உருகி, முறுக்குக் கம்பியாக உருண்டு, மீண்டும் சென்னைக்கே வந்தது. இன்று அடையாற்றிலும் அண்ணாநகரிலும் வானளாவி நிற்கும் அடுக்குமாடிகளின் தூண்களுக்குள்ளே, யாரோ ஒரு பாட்டியின் ஓட்டை வாளி ஒளிந்துகொண்டிருக்கக் கூடும். அந்த மாடியில் குடியிருப்போர்தாம், "இந்தக் காயலான் கடையை எங்கள் தெருவிலிருந்து அகற்றுங்கள்" என்று மனு எழுதுகின்றனர்!

இத்தனை காலமும் இந்தத் தொழில் ஆட்சியாளரின் கண்ணில் பட்டதே இல்லை; பட்டாலும் போலீசாரின் கண்ணில்தான் பட்டது. இப்போது காட்சி மாறியிருக்கிறது. 2019 நவம்பரில் மத்திய எஃகு அமைச்சகம் எஃகுக் கழிவு மறுசுழற்சிக் கொள்கை என ஒன்றை வெளியிட்டது. 2021 ஆகஸ்டில் பழைய வண்டிகளை உடைக்கும் திட்டத்தைப் பிரதமரே முன்னின்று அறிவித்தார். அடுத்த மாதமே விதிகளும் வந்தன. குப்பை என்று ஒதுக்கியது செல்வம் என்று தெரிந்துவிட்டது. செல்வம் என்று தெரிந்ததும் செல்வந்தர்களின் கவனம் திரும்பிவிட்டது. ஆகவேதான், போன வாளி எங்கே போயிற்று என்று நாமும் இன்று கேட்டாக வேண்டியிருக்கிறது. எங்கே போக வேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமை யாருக்கு என்பது அதற்கு அடுத்த கேள்வி.

செல்வம் என்று சொல்வது வெறும் அலங்காரமன்று. ஒரு டன் பழைய இரும்பை உருக்கி எஃகு செய்தால் 1.1 டன் இரும்புத் தாதும், எஃகு ஆலைக்கென எரிக்கும் உயர்ந்த நிலக்கரி 630 கிலோவும், 55 கிலோ சுண்ணாம்புக்கல்லும் மிச்சப்படும் என்று மேற்சொன்ன கொள்கை ஏடே கணக்குச் சொல்கிறது. அலுமினியத்தைப் பழைய பாத்திரத்திலிருந்து எடுத்தால், தாதுவிலிருந்து எடுக்க வேண்டிய மின்னாற்றலில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு மிஞ்சும். ஒரு மலையைக் குடையாமல், ஒரு காட்டை வெட்டாமல், ஒரு பழங்குடி ஊரை விரட்டாமல் உலோகம் கிடைக்கிறது! கஞ்சமலையில் இரும்புத் தாது உண்டு என்பது சேலத்துக் குழந்தைக்கும் தெரியும். அதைத் தோண்டினால் மலையடி ஊர்கள் என்னாகும் என்பதும் தெரியும். தோண்ட வேண்டாத கஞ்சமலை ஒன்று நம் நகரங்களுக்குள்ளேயே தினந்தோறும் வளர்ந்துகொண்டிருக்கிறது.

இதை ஜப்பான் முன்னரே கண்டுகொண்டது. 2020ஆம் ஆண்டுக்குரிய டோக்கியோ ஒலிம்பிக் போட்டிக்கு வேண்டிய சுமார் 5,000 பதக்கங்களுக்கும் உரிய பொன், வெள்ளி, வெண்கலத்தை அந்நாட்டு மக்கள் தூக்கிப்போட்ட கைபேசிகளிலிருந்தும் சிறு மின்கருவிகளிலிருந்துமே எடுத்தார்கள். 32 கிலோ பொன், 3,500 கிலோ வெள்ளி, 2,200 கிலோ வெண்கலம்! நாம் கவனிக்க வேண்டியது பதக்கத்தின் பளபளப்பை அன்று. அந்தச் சேகரிப்புப் பெட்டிகளை எங்கே வைத்தார்கள் என்பதை. நாட்டின் மிகப் பெரும்பாலான நகராட்சிகள், ஊராட்சிகள், கைபேசிக் கடைகள் — அதாவது மக்கள் நடமாடும் இடங்களில் வைத்தார்கள். உலோகம் மக்களைத் தேடி நாற்பது கல் போகாது. மக்களும் உலோகத்தைத் தூக்கிக்கொண்டு நாற்பது கல் போகமாட்டார்கள் என்ற எளிய உண்மை அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

நமது ஆட்சியாளருக்கோ கழிவு என்றால் கப்பலில் வந்தால்தான் மதிப்பு. கொள்கை வெளியான நாளில் நாட்டில் புழங்கிய எஃகுக் கழிவில் சுமார் 250 லட்சம் டன் உள்நாட்டுச் சிறு வணிகர் திரட்டியது. 70 லட்சம் டன் வெளிநாட்டிலிருந்து வந்தது. 2021 நிதிநிலை அறிக்கையில் அந்த வெளிநாட்டு எஃகுக் கழிவுக்குச் சுங்க வரி விலக்கு அளித்தார்கள். உள்ளூர்ப் பழைய இரும்பின் தலையிலோ, 2017இல் சரக்கு சேவை வரி வந்தபோதே 18 விழுக்காடு ஏற்றியாயிற்று. அயலூர்த் துருவுக்குப் பூரண கும்பம். நம்மூர்த் துருவுக்குப் போலீஸ் தடி! இறக்குமதியே கூடாது என்று வாதாட வரவில்லை. கோவையின் வார்ப்பாலைகளும் கும்மிடிப்பூண்டியின் உருக்காலைகளும் நாள்தோறும் வாய் திறந்து காத்திருக்கின்றன. அவற்றுக்கு இரை வேண்டும். ஆனால் அயலூர்க் கழிவோடு என்னவெல்லாம் வந்திறங்கும் என்பதை 2004 செப்டம்பரில் டெல்லியை அடுத்த சாகிபாபாத் கண்டது. போர் நடந்த நாட்டுப் பக்கமிருந்து வந்த இரும்புக் குவியலுக்குள் வெடிக்காத குண்டுகள் இருந்தன, ஆலையிலே வெடித்தன, பத்துத் தொழிலாளர்கள் மாண்டார்கள்.

இன்னொரு வேடிக்கையையும் சொல்லிவிடுகிறேன். 2025 ஜனவரியில், சிவகளையில் கிடைத்த இரும்பின் காலம் இன்றைக்கு 5,300 ஆண்டுகளுக்கு முற்பட்டது என்று அறிவிக்கப்பட்டபோது தமிழகமே தலை நிமிர்ந்தது. நிமிர வேண்டியதுதான். மண்ணுக்குள் கிடந்த துருப்பிடித்த வாளைக் கண்டு பூரித்தோம். அதே இரும்பை அதே தமிழன், மண்ணுக்கு மேலே, குப்பைமேட்டிலிருந்து பொறுக்கி எடுத்து உலைக்கு அனுப்புகிறான். அவனைக் கண்டால் மூக்கைப் பொத்திக்கொள்கிறோம்.

இனி, இடத்தைப் பற்றிய வழக்குக்கு வருவோம்.

சென்னையில் பழைய இரும்பு என்றதும் எல்லோருக்கும் நினைவு வருவது புதுப்பேட்டை. கூவத்தின் கரையிலே, எழும்பூருக்கு அடுத்தாற்போல், சந்துக்குச் சந்து கடைகள். ஓடி ஓய்ந்த காரும் லாரியும் மோட்டார் சைக்கிளும் அங்கே வந்து சேர்கின்றன. எந்த வண்டியின் எந்த உறுப்பு வேண்டுமானாலும் கிடைக்கும். "வண்டியை அங்கே நிறுத்திவிட்டுத் தேநீர் குடித்துத் திரும்பினால் உதிரிகளாகத்தான் கிடைக்கும்" என்று நகரத்தார் நகையாடுவது வழக்கம். நகையாடுகிற அதே பெருமக்கள், கம்பெனியிலே 20,000 ரூபாய் கேட்கும் உறுப்பை 3,000 ரூபாய்க்குத் தேடி அங்கேதான் போகின்றனர் என்பது வேறு கதை. கள்ள வண்டி ஒன்றிரண்டு அங்கே நுழைவதில்லை என்று சாதிக்க நான் வரவில்லை. நுழைந்தால் பிடிக்கச் சட்டம் இருக்கிறது, காவல் நிலையம் இருக்கிறது. நகைக் கடைக்கும் கள்ள நகை வருவதுண்டு; அதற்காக நகைக் கடைகள் அனைத்தையும் ஊருக்கு வெளியே தூக்கி வையுங்கள் என்று எவரும் சொல்வதில்லையே!

புதுப்பேட்டையை ஊருக்கு வெளியே தூக்கி வைக்க வேண்டும் என்ற பேச்சு மட்டும், எந்தக் கட்சி ஆண்டாலும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தவறாமல் தலை காட்டுகிறது. இது ஒரு பக்கத்துப் பிழை. மறுபக்கத்துப் பிழை இதைவிடக் கொடிது. புகையும் நச்சும் கக்குகிற பட்டறை எதுவாயினும், அதைக் கொண்டுபோய் வைப்பதற்கு வடசென்னை என்ற ஒரே இடம்தான் திட்டமிடுவோரின் வரைபடத்தில் இருக்கிறது.

வடக்கு வாழ்கிறது, தெற்கு தேய்கிறது என்று முழங்கி ஆட்சியைப் பிடித்த மாநிலம் இது. அதன் தலைநகரிலேயே அந்த முழக்கம் தலைகீழாக நிற்பதைக் காணுங்கள்! 1965இல் நிறுவப்பட்ட எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை மணலியில். 1970இல் ஓடத் தொடங்கி 2017இல் மூடப்பட்ட அனல் மின் நிலையம் எண்ணூரில். அதைச் சுற்றிப் பின்னர் எழுந்த மின் நிலையங்களின் சாம்பல் கொசத்தலையாற்றின் கழிமுகத்தில். மாநகரின் குப்பைமேடுகளில் ஒன்று கொடுங்கையூரில். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர் மீனவரின் வலையிலும் வள்ளத்திலும் படிந்தது. அந்த மாதம் முடிவதற்குள்ளாகவே பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்து, மக்கள் நள்ளிரவில் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினர். இவ்வளவுக்கும் பிறகு, கொடுங்கையூரிலேயே குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் உலை வேண்டும் என்றார்கள். 2025இல் அப்பகுதி மக்கள் கைகோத்து மனிதச் சங்கிலியாக நின்று, போதும் என்றனர்.

தெற்கே, ராஜீவ் காந்தி சாலையின் கண்ணாடி மாளிகைகளில் கணினி பழுதாகும். அதன் கம்பியை எரிக்கிற புகை வடக்கே எழும். செம்புக் கம்பியை எடுக்க மேலுறையான பிளாஸ்டிக்கைத் தீயிட்டால் எழும் புகையில் டயாக்சின் என்னும் கொடிய நஞ்சு உண்டு. எரிக்கிறவன் அறியாமல் எரிக்கவில்லை. உறையை உரிக்கும் எந்திரம் வாங்கப் பணமில்லாததால், அதை வைக்க இடமில்லாததால், வைத்தாலும் மின்னிணைப்புக் கிடைக்காததால் எரிக்கிறான். அவனுக்கு ஒரு கூரையும் ஒரு மின்சார மீட்டரும் கொடுத்தால் பாதிப் புகை அன்றைக்கே அடங்கும். கொடுப்பதற்குப் பதில், அவன் குடிசையை இடித்து அவனை இன்னும் பத்துக் கல் தள்ளி விரட்டுகிறோம். அங்கே போய் அவன் மீண்டும் எரிக்கிறான்.

விரட்டுவதால் என்ன நேரும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம். டெல்லிக்குப் போனால் போதும். அந்நகரின் நடுவே மோதியாகான் என்ற பகுதியில் பழைய இரும்பு வணிகம் நடந்துவந்தது. 1970களின் நடுவிலே, நகரை அழகுபடுத்தும் ஆர்வம் மேலிட்ட ஆட்சியாளர், அந்த வணிகத்தை மேற்கேயுள்ள மாயாபுரிக்கு மாற்றினார்கள். போனவர்கள் அங்கே வேர் பிடித்தார்கள். இந்தியாவின் பெரிய பழைய இரும்புச் சந்தைகளுள் ஒன்றாக மாயாபுரி வளர்ந்தது. அதைச் சுற்றி வீடுகளும் வளர்ந்தன. ஊருக்கு வெளியே என்று வைத்த இடம் ஊருக்கு உள்ளேயாயிற்று. ஊர் என்பது நடக்கும் பிராணி ஐயா! இன்றைக்கு வெளியே நிற்பதை இருபது ஆண்டில் விழுங்கிவிடும்.

2010இல் அந்த மாயாபுரிக்கு ஒரு கொடுமை வந்தது. டெல்லிப் பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறை 1970இல் வாங்கி, 1985 முதல் தொடாமலே போட்டு வைத்திருந்த கதிர்வீச்சுக் கருவி ஒன்றை, அந்த ஆண்டு பிப்ரவரியில் பழைய இரும்பு என்று ஏலம் போட்டார்கள். உள்ளே கோபால்ட் 60 இருந்தது. கடையிலே அதை உடைத்த தொழிலாளிகளுக்கு அது என்ன என்று எப்படித் தெரியும்? கை வெந்தது, மயிர் உதிர்ந்தது, ஏப்ரலில் ஒருவர் மாண்டார். படித்தவர் கூட்டம் செய்த பிழைக்குப் படிக்காதவன் உயிரைக் கொடுத்தான். பழி யார்மீது விழுந்தது தெரியுமா? 'மாயாபுரி ஆபத்தான இடம்' என்ற பெயர்தான் நிலைத்தது. பல்கலைக்கழகம் ஆபத்தான இடம் என்று எவரும் சொல்லவில்லை. பின்னர் 2019 ஏப்ரலில், பசுமைத் தீர்ப்பாயத்தின் ஆணையை ஏந்திக்கொண்டு, மாசுபடுத்தும் கடைகளுக்கு முத்திரையிட அதிகாரிகள் துணைப்படையுடன் வந்தனர். கல் பறந்தது, தடி சுழன்றது. எந்த அரசு கைப்பிடித்து அழைத்து வந்து குடியேற்றியதோ அந்த அரசே கழுத்தைப் பிடித்து வெளியேற்ற வந்தது!

தீர்ப்பாயம் சொன்னதில் பிழையில்லை. அமிலமும் எண்ணெயும் மண்ணில் இறங்கினால் அடுத்த தெருக் குழந்தைதான் குடிக்க வேண்டும். பிழை, மோதியாகானிலிருந்து மாற்றிய நாளிலேயே நேர்ந்தது. இடத்தை மாற்றினார்கள்; தொழிலை மாற்றவில்லை. சிமெண்டுத் தரை போடவில்லை, வடிகால் வகுக்கவில்லை, எல்லையைச் சுற்றி வீடு எழக் கூடாதென்று கோடு கிழிக்கவில்லை.

நம் சென்னையிலேயே இடமாற்றத்தின் பாடம் ஒன்று உண்டு. ஜார்ஜ் டவுன் சந்துகளில் நெரிந்த இரும்பு வணிகத்துக்கென்று சாத்தங்காட்டில் பெரும் அங்காடி ஒன்றை வளர்ச்சிக் குழுமம் அமைத்தது. அது புது இரும்பு வணிகம், பணமுள்ள வணிகம், லாரி வைத்திருப்பவர்கள். அவர்களே எளிதில் நகரவில்லை. பல மனைகள் நெடுங்காலம் வெறுமையாகக் கிடந்தன. அப்படியிருக்க, கோணிப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு அலைபவனையும் மீன்பாடி வண்டி மிதிப்பவனையும் செங்கற்பட்டுக்கு அப்பால் போ என்றால் எப்படிப் போவான்? ஒரு நாளைக்கு இருபது முப்பது கிலோ திரட்டுகிற மனிதன் அவன். காயலான் கடை இரண்டு மூன்று கல்லுக்குள் இருந்தால்தான் அந்த இருபது கிலோ இரும்பு. அதற்கு மேல் போனால் அது குப்பை. தூரம் கூடக்கூட இரும்பு குப்பையாகிறது என்பதுதான் இந்தத் தொழிலின் முதற் பாடம். நகரை விட்டுக் கடையைத் துரத்தினால் உலோகமும் கூடவே போய்ச் சேரும் என்று எண்ணாதீர்கள். அது கொடுங்கையூர் மேட்டிலும் பெருங்குடிச் சதுப்பிலும்தான் போய்ச் சேரும்.

ஆகவே, மறுசுழற்சி நிலையம் என்று ஒரே சொல்லால் சுட்டுவதிலேயே குழப்பம் தொடங்குகிறது. பொறுக்கிப் பிரிப்பது வேறு, வண்டியையும் கருவியையும் கழற்றுவது வேறு, உருக்குவது வேறு. சாதம் வடிப்பதும் செங்கல் சூளை போடுவதும் நெருப்பு மூட்டும் தொழில்களே என்பதற்காக இரண்டையும் ஒரே கூரையின் கீழ் வைப்பாரில்லை.

பிரிப்பதில் புகையில்லை, நெருப்பில்லை. தராசு உண்டு, சத்தம் சிறிது உண்டு, கூர்த்த கண்ணும் பழகிய கையும் உண்டு. காந்தத்தைக் காட்டி இரும்பை ஒதுக்குவதும், சுரண்டிப் பார்த்துச் செம்பு எது பித்தளை எது என்று சொல்வதும், தட்டிப் பார்த்து வார்ப்பை அறிவதும் எந்தக் கல்லூரியிலும் சொல்லித் தராத கல்வி. இந்த வேலைக்குரிய இடம் நகருக்குள்ளேதான். 2011இல் விரிந்த சென்னை மாநகராட்சிக்கு 15 மண்டலங்கள், 200 வட்டங்கள். வட்டத்துக்கு ஒன்று கேட்டால் பேராசை என்பார்கள். மண்டலத்துக்கு இரண்டு முற்றங்கள் கேட்போம். கூரை, சிமெண்டுத் தரை, குடிநீர், கழிப்பறை, தீயணைப்புக் கருவி, அழுத்திக் கட்டும் எந்திரம். அடையாறு மண்டலத்துக் கழிவு அடையாறு மண்டலத்திலேயே பிரிக்கப்படட்டும். திருவொற்றியூருக்கு வர வேண்டாம்.

"இடம் எங்கே இருக்கிறது?" என்று உடனே கேட்பார்கள். பேரங்காடிக்கு இடம் கிடைக்கிறது. அதன் அடித்தளத்தில் ஆயிரம் கார் நிறுத்த இடம் கிடைக்கிறது. மேம்பாலங்களின் கீழே விளம்பரப் பூங்கா வைக்க இடம் கிடைக்கிறது. நகரின் எச்சத்தைச் சுமப்பவனுக்கு என்று வரும்போது மட்டும் நிலம் சுருங்கிவிடுகிறது.

கழற்றும் வேலைக்குச் சற்றுக் கூடுதலான கவனம் வேண்டும். ஒரு காரைக் கழற்றுமுன் எண்ணெயையும் எரிபொருளையும் குளிர்சாதன வாயுவையும் வடிக்க வேண்டும். மின்கலத்தை அகற்ற வேண்டும். வாயு உருளை மூடியபடி கிடக்க, கேஸ் கட்டிங் சுடரை வைத்தால் என்னவாகும் என்பது தொழிலாளிகளின் உடம்புத் தழும்புகளுக்குத் தெரியும். இதைச் சந்துக்குள் செய்யக் கூடாது என்பதில் எனக்கு இரு கருத்தில்லை. புதுப்பேட்டையின் உதிரி உறுப்பு வணிகம் புதுப்பேட்டையிலேயே இருக்கட்டும்; அதற்கு வருபவர் நகரத்தார். எண்ணெய் வடிக்கும் வேலையும் வெட்டும் வேலையும் அரை மணிப் பயணத்துக்குள் ஒரு பொதுக் கொட்டகைக்குப் போகட்டும். அந்தக் கொட்டகை யாருடையது என்பதில்தான் சூழ்ச்சி இருக்கிறது.

2021ஆம் ஆண்டு விதிகளின்படி வண்டி உடைக்கும் நிலையம் வைக்க விரும்புகிறவர் 1 லட்சம் ரூபாய் கட்டணமும் 10 லட்சம் ரூபாய்க்கு வங்கி உத்தரவாதமும் காட்ட வேண்டும். விதியின் நோக்கம் நல்லது. பொறுப்பற்றவன் நுழையக் கூடாது. ஆனால் நாற்பது ஆண்டாக வண்டி கழற்றும் மேஸ்திரி அந்தப் பணத்துக்கு எங்கே போவார்? வாசலிலே நிற்பார். உள்ளே, வண்டியைச் செய்து விற்ற அதே பெருங்குழுமங்கள் வண்டியை உடைக்கவும் உட்கார்ந்திருக்கும். பிறப்புக்கும் அவர்களே, இறப்புக்கும் அவர்களே! இத்தனைக்கும் 2019 கொள்கை ஏடு, மேலும் 70 லட்சம் டன் கழிவைத் திரட்ட 70 பெரு நிலையங்களும், அவற்றுக்கு ஊட்டும் சுமார் 300 சேகரிப்பு நிலையங்களும் வேண்டுமென்று கணக்கிடும் இடத்திலேயே, இப்போதுள்ள சிறு நிலையங்களைக் குலைக்காமல் என்ற ஒரு சொல்லையும் சேர்த்திருக்கிறது. அந்தச் சொல்லை நாம் இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும். குலைக்காமல் என்றால் என்ன பொருள்? பத்து மேஸ்திரிகள் சேர்ந்து கூட்டுறவுச் சங்கமாக வந்தால் உத்தரவாதத்தை அரசே ஏற்கும் என்று பொருளாகட்டும்.

கூட்டுறவு என்றதும் உதட்டைப் பிதுக்குவோர் புனே நகரைப் பார்க்கட்டும். குப்பை பொறுக்கும் பெண்கள் அங்கே 1993இல் தொழிற்சங்கம் கண்டார்கள். நகராட்சியின் ஒப்புதலோடு அடையாள அட்டை பெற்றார்கள். 2008இல் கூட்டுறவு அமைத்து, மாநகராட்சியோடு ஒப்பந்தம் செய்து, வீடு வீடாகச் சென்று வாங்கிப் பிரிக்கும் உரிமையைப் பெற்றார்கள். பொறுக்குவோரின் அமைப்புகளை ஏற்று, பணியில் இணைத்துக்கொள்ள வேண்டும் என்று 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகளும் உள்ளாட்சிகளுக்குச் சொல்லியிருந்தன. புனே செய்தது, சென்னை தனியார் கம்பெனிகளுக்கு மண்டலம் மண்டலமாகக் குத்தகை விட்டது.

கடைசியாக உருக்குவது. இதுதான் உண்மையில் ஊரை விட்டு விலக வேண்டிய வேலை. மின்தூண்டல் உலை, போட்டதை உருக்குமே தவிர அழுக்கைப் பெரிதும் நீக்காது. வண்ணம் பூசிய தகரமும் துத்தநாகம் பூசிய தகரமும் விழுந்தால் அந்த வண்ணமும் துத்தநாகமும் புகையாய் வானேறும். ஆகவே கீழே பிரிப்பவன் கை நேர்த்தியாக இருந்தால் மேலே எழும் புகை குறையும். பிரிப்பவனை ஒழித்துவிட்டு உலைக்கு வடிகட்டி மாட்டுவது, அரிசியில் கல் பொறுக்காமல் சோற்றில் பல்லைத் தேடுவது போல. இரும்பை விடக் கொடியது ஈயம். பழைய வண்டி மின்கலத்தின் எடையில் பாதிக்கு மேல் ஈயம்தான். உடலுக்குள் புகும் ஈயத்துக்குத் தீங்கற்ற அளவென்று ஒன்று அறியப்படவில்லை என்கிறது உலக நலவாழ்வு நிறுவனம். அது முதலில் தாக்குவது குழந்தையின் மூளையை. உலையிலே நிற்பவன் சட்டையில் ஒட்டிய தூசி, மாலையில் அவன் மடியேறும் மகளின் மூச்சில் இறங்குகிறது.

அப்படியானால் கும்மிடிப்பூண்டியிலேயே இன்னும் பத்து உலை வைத்துவிடலாமா? கூடாது. கும்மிடிப்பூண்டியும் ஊர்தான். அங்கேயும் ஏரி உண்டு, வயல் உண்டு, பள்ளிக்கூடம் உண்டு. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து உலை வாயிலில் நிற்கும் இளைஞர்கள் உண்டு. இருக்கிற உலைகளின் புகையையும், மண்ணில் இறங்கிய ஈயத்தையும், பிள்ளைகளின் இரத்தத்தையும் அளந்து, அந்த அளவைத் தமிழில் எழுதி ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டும்வரை, மணலி முதல் கும்மிடிப்பூண்டி வரையிலான நிலத்தில் புதிய உலைக்கு அனுமதி இல்லை என்று அரசு அறிவிக்க வேண்டும். புதிய உலை வைக்கும் இடத்தில், உலை எழுவதற்கு முன்பே சுற்றுவெளி குறிக்கப்பட வேண்டும். அதில் உலையும் நீளக் கூடாது, வீட்டுமனையும் நுழையக் கூடாது. மாயாபுரி பட்ட பாடு அந்த ஒரு கோடு இல்லாததால் பட்ட பாடு. வாயிலிலே கதிர்வீச்சை அளக்கும் கருவி நிற்க வேண்டும். அதற்கு முன்னால், ஏலம் விடுகிற கல்லூரியும் மருத்துவமனையும் அரசு அலுவலகமும், தாம் விற்பதில் என்ன இருக்கிறது என்று கையெழுத்திட்டுத் தர வேண்டும்.

இவையெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்கும் தோழர்களுக்கு ஒன்று சொல்வேன். இந்த நிலையங்கள் எப்படியும் வரத்தான் போகின்றன. 2021க்குப் பிறகு நாட்டின் பல மாநிலங்களில் பதிவு பெற்ற வண்டி உடைப்பு நிலையங்கள் எழுந்துவிட்டன. இடம் எது என்பது தலைமைச் செயலகத்து மேசையொன்றில், வரைபடத்தின் மேல் விரல் வைத்துத் தீர்மானிக்கப்படும். விரல் வழக்கம்போல வடக்கு நோக்கி நகரும். அந்த வரைபடத்தை ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு முன்னால் வெளியே கொண்டுவரச் சொல்வதுதான் இப்போது நம் வட்டக் கிளைகளின் முதல் வேலை. புதுப்பேட்டைச் சந்தியிலும், கொடுங்கையூர் மேட்டின் அடியிலும், எண்ணூர்க் குப்பங்களிலும், அடையாற்றுப் பூங்கா வாசலிலும் அது ஒரே நாளில் ஒட்டப்படட்டும். மக்கள் கருத்துக் கேட்கும் கூட்டம், மீன்பாடி வண்டிக்காரனும் வரக்கூடிய மாலை வேளையில், அவன் பேசுகிற மொழியில் நடக்கட்டும். அந்தக் கூட்டத்தில் முதல் நாற்காலியை, உலோகத்தைத் தொட்டுப் பார்த்தே பெயர் சொல்லத் தெரிந்த ஒருவருக்குப் போடட்டும்.